ஆண்களின் பாலுறவு நாட்டக் குறைவும் ஹார்மோன் பரிசோதனை முடிவுகளும்

பாலுறவில் நாட்டம் குறைந்துவிட்டதாகச் சொல்லி வரும் ஆணுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதித்தரும் இரத்தப் பரிசோதனை மொத்த டெஸ்டோஸ்டிரோன். அது குறைவாக இருந்தால் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சில வேளை எஸ்.எச்.பி.ஜி. ஆகியவை தொடரும். இவற்றில் எந்த எண்ணும் தனியாக நின்று பொருள் தருவதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி எல்.எச்.சைச் சுரக்கிறது. அதன் ஏவலில் விந்தகத்தின் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்குகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தது என்று கண்டறிவதற்கே இத்தனை பரிசோதனைகள்.

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். சாப்பிட்ட பிறகும் குறையும். ஆகவே காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சல் கண்ட வாரத்திலோ தூங்காத இரவுக்கு மறுநாளோ எடுத்த அளவை நம்ப முடியாது. ஒருமுறை குறைந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் பார்த்துத்தான் குறைபாடு என்று சொல்லலாம். மாலையில் அலுவலகம் முடிந்து வரும் வழியில் கொடுத்த ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சிகிச்சை தொடங்குவது தவறு. முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிலவகைப் பரிசோதனைக் கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் எல்.எச்., புரோலாக்டினைக் குறைத்தும் காட்டும்.

அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் வகுத்த எல்லை டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். பருமனில்லாத, 19 முதல் 39 வயதுடைய ஆரோக்கியமான ஆண்களிடம் 264 முதல் 916 வரை இயல்பு என்பது இன்னொரு கணக்கு. சில ஆய்வகங்கள் நானோமோல்/லிட்டரில் தருவதால் 10.4 என்ற எண்ணைப் பார்த்து அதிர வேண்டியதில்லை. அது 300 நானோகிராமுக்குச் சமம். ஐரோப்பாவின் எட்டு மையங்களில் 40 முதல் 79 வயதுடைய 3,369 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. பாலியல் எண்ணங்கள் குறைவது, விடியற்கால விறைப்பு குறைவது, விறைப்புக் கோளாறு ஆகிய மூன்று அறிகுறிகளோடு ஹார்மோன் குறைவும் சேர்ந்திருந்தவர்கள் 2.1 சதவீதமே. நாட்டக் குறைவு பரவலானது. ஹார்மோனால் வருவது அதில் சிறு பகுதி.

இரத்தத்திலுள்ள டெஸ்டோஸ்டிரோனில் சுமார் 2 சதவீதமே கட்டற்றது. மீதி ஆல்புமினோடும் எஸ்.எச்.பி.ஜி. புரதத்தோடும் ஒட்டியிருக்கும். எல்லையை ஒட்டிய ரிப்போர்ட்டுகளில் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். பருமனும் சர்க்கரை நோயும் உள்ள ஒருவருக்கு மொத்த அளவு 280, எஸ்.எச்.பி.ஜி. 14 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி கணக்கிட்டால் கட்டற்ற அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 280 பிகோமோல். மேற்சொன்ன ஆய்வின் எல்லையான 220ஐத் தாண்டுகிறது. கல்லீரல் நோயுள்ள முதியவருக்கு மொத்தம் 400, எஸ்.எச்.பி.ஜி. 75 என்றால் கட்டற்ற அளவு 160க்கும் கீழ். ‘குறைவு’ என்று அச்சான ரிப்போர்ட்காரருக்குக் குறையில்லை, ‘இயல்பு’ என்று அச்சானவருக்கு இருக்கிறது. கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனை நேரடியாக அளப்பதாகச் சொல்லும் மலிவான பரிசோதனைகளைவிட இந்தக் கணக்கீடு நம்பகமானது.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். ஏறியிருந்தால் பழுது விந்தகத்தில். கிளைன்ஃபெல்டர் நோய்க்குறி, பொன்னுக்குவீங்கி தாக்கிய விந்தகம், கீமோதெரபி ஆகியவை காரணமாகலாம். எல்.எச்.சும் குறைந்திருந்தால், அல்லது ஏற வேண்டிய நேரத்தில் இயல்பாகவே நின்றால், கோளாறு மேலே. பிட்யூட்டரிக் கட்டி, பருமன், ஓபியாய்டு வலி மருந்துகளைத் தேட வேண்டும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டுமே பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா என்று கேட்பது மருத்துவரின் கடமை.

புரோலாக்டின் ஏறினாலும் நாட்டம் அடங்கும். ஊசிக்குப் பயந்த பதற்றமே அதைச் சற்று ஏற்றிவிடும் என்பதால் லேசான உயர்வை மறுபடி பார்க்க வேண்டும். டாம்பெரிடோன், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளும் தைராய்டு குறைவும் அதை உயர்த்தும். மில்லிலிட்டருக்கு 200 நானோகிராமைத் தாண்டினால் பிட்யூட்டரிக் கட்டியைச் சந்தேகித்து எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கும்.

எல்லா எண்களும் இயல்பாக வந்தால் நோயாளி பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. மனச்சோர்வு, அதற்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள், தம்பதியரிடையே மனக்கசப்பு ஆகியவை இரத்தத்தில் தெரிவதில்லை.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கியதும் எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் அடங்கிப்போகும், விந்தணு உற்பத்தி குறையும், நின்றும் போகலாம். மூல காரணத்தை அதன்பின் ரிப்போர்ட்டில் படிக்க முடியாது. ஆகவே இந்தப் பரிசோதனைகளை ஊசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தரக் கூடாது.