கர்ருஸ் (சொல்)

கர்ருஸ் என்பது சுமை வண்டியைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல் ஆகும். இது இலத்தீனின் சொந்தச் சொல் அன்று. கெல்ட்டிய மொழிகளுள் ஒன்றான கோலிய மொழியில் வழங்கிய கர்ரொஸ் என்னும் சொல்லை உரோமர்கள் கடனாகப் பெற்றனர். இலத்தீனிலிருந்து தோன்றிய பிரெஞ்சு, இத்தாலியம், எசுப்பானியம், போர்த்துக்கீசம், உருமானியம் முதலிய ரோமானிய மொழிகளில் இச்சொல் இன்றும் வழங்குகின்றது. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்த கார் (மகிழுந்து) என்னும் சொல்லும் இதன் வழிவந்ததே.

சொற்பிறப்பு

இதன் மூலம், "ஓடு" எனப் பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல் எனக் கருதப்படுகின்றது. அதே வேரிலிருந்து இலத்தீனில் குர்ரெரெ (ஓடுதல்) என்னும் வினையும் குர்ருஸ் (தேர்) என்னும் பெயரும் தோன்றின. ஆகவே குர்ருஸ், கர்ருஸ் ஆகிய இரண்டும் உறவுச் சொற்கள் ஆகும்.

இவற்றின் முதல் உயிரொலி வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. மூல மொழியில் ரகரம் உயிரொலி போல ஒலிக்கும் இடங்கள் இருந்தன. சமசுகிருதத்தில் "கிருஷ்ண" என்னும் சொல்லின் முதல் அசையில் இவ்வொலி எஞ்சியுள்ளது. இவ்வொலி இலத்தீனில் "உர்" அல்லது "ஒர்" என்றும், கெல்ட்டிய மொழிகளில் இத்தகைய இடங்களில் "அர்" என்றும் திரிந்தது. எனவே இலத்தீனில் இயல்பாகத் தோன்றக்கூடிய வடிவம் குர்ருஸ் ஆகும். கர்ருஸ் என்பதிலுள்ள அகரம், அச்சொல் கெல்ட்டியரிடமிருந்து வந்தது என்பதற்குச் சான்றாக அமைகின்றது.

கோலியத்திலிருந்து இலத்தீனுக்கு

கோல் என்பது இன்றைய பிரான்சு, பெல்ஜியம் ஆகியவற்றையும் சுவிட்சர்லாந்தின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய பண்டைய நிலப்பரப்பு ஆகும். அங்கு வாழ்ந்த கெல்ட்டியர் வண்டி செய்வதில் தேர்ந்தவர்கள். பிரான்சின் விக்ஸ் என்னும் ஊரில் 1953ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட கல்லறை ஒன்றில், ஏறத்தாழ கி.மு. 500ஆம் ஆண்டைச் சேர்ந்த நான்கு சக்கர வண்டி கிடைத்தது.

யூலியசு சீசர் தமது கோலியப் போர்க் குறிப்புகளில் கர்ருஸ் என்னும் சொல்லைப் பயன்படுத்தியுள்ளார். கி.மு. 58இல் எல்வெத்தியர் என்னும் கெல்ட்டிய இனத்தார் தம் நாட்டை விட்டுக் குடிபெயர்வதற்காக இயன்ற அளவு வண்டிகளை வாங்கிச் சேர்த்தனர் என்றும், போரில் அவ்வண்டிகளையே அரணாக நிறுத்திப் போரிட்டனர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார்.

போர்த்தேர், வெற்றி ஊர்வலத் தேர் ஆகியவற்றை உரோமர்கள் குர்ருஸ் என்றனர். கர்ருஸ் மூட்டை முடிச்சுகளை ஏற்றும் எளிய வண்டி ஆகும். எனினும் காலப்போக்கில் மக்கள் வழக்கில் நிலைத்தது கர்ருஸ் என்பதே. கோலிய மொழி கி.பி. முதலாயிரத்தின் நடுப்பகுதியளவில் வழக்கொழிந்தது. அதன் வண்டிச் சொல்லோ வென்றவர்களின் மொழி வழியாக உலகெங்கும் பரவியது.

ரோமானிய மொழிகளில்

* பிரெஞ்சு: ஷார். சொல் முதல் ககரம் அகரத்தின் முன் "ச" ஆகிப் பின்னர் "ஷ" ஆனது. பண்டைய தேர், சுமை வண்டி, ஊர்வல ஊர்தி, பீரங்கி வண்டி ஆகியவற்றைக் குறிக்கும். கனடாவின் கியூபெக் மாகாணப் பேச்சுவழக்கில் மகிழுந்தையும் குறிக்கும்.
* இத்தாலியம்: கார்ரோ. சுமை வண்டியைக் குறிக்கும். மகிழுந்து "மாக்கினா" (இயந்திரம்) எனப்படும்.
* எசுப்பானியம்: கார்ரோ. எசுப்பானியாவில் பொதுவாகச் சுமை வண்டியையும், மெக்சிக்கோ, கொலம்பியா, வெனிசுவேலா முதலிய நாடுகளில் மகிழுந்தையும் குறிக்கும்.
* போர்த்துக்கீசம்: கார்ரு. போர்த்துகல், பிரேசில் ஆகிய இரு நாடுகளிலும் மகிழுந்தைக் குறிக்கும்.
* உருமானியம்: கார். மாடு அல்லது குதிரை பூட்டிய வண்டியைக் குறிக்கும்.

சப்தரிஷி மண்டலம் என நாம் அழைக்கும் ஏழு விண்மீன்களின் தொகுதி இத்தாலியத்திலும் உருமானியத்திலும் "பெரிய வண்டி" எனப் பொருள்படும் பெயர் பெற்றுள்ளது. அப்பெயர்களில் இடம்பெறுவதும் இச்சொல்லே.

கெல்ட்டிய மொழிகளில்

பழைய ஐரிய மொழியில் இச்சொல் சுமை வண்டியைக் குறித்தது. இன்றைய ஐரிய மொழியில் கார் என்பது மகிழுந்து ஆகும். வேல்சு மொழியிலும் அவ்வாறே. ஆயினும் மலைப்பகுதி உழவர்கள் இழுத்துச் செல்லும் சக்கரமற்ற சறுக்கு வண்டியும் அங்கு இச்சொல்லாலேயே வழங்கியது. பிரெத்தோனிய மொழியில் கார் என்பது வண்டி. அதனுடன் "தீ" எனப் பொருள்படும் தான் என்னும் சொல் சேர்ந்து "கார்-தான்" (தீ வண்டி) என மகிழுந்தைக் குறிக்கின்றது.

ஐரியம், வேல்சு ஆகியவற்றிலுள்ள சொற்கள் பழங்கெல்ட்டியத்திலிருந்து நேரே வந்தவை என்பர் சிலர். இலத்தீனிடமிருந்து மீண்டும் கடனாகப் பெறப்பட்டவையாகவும் இருக்கலாம் என்பர் வேறு சிலர்.

கிளைச் சொற்கள்

பிற்கால இலத்தீனில் கர்ருஸ் என்பதிலிருந்து "வண்டியில் ஏற்று" எனப் பொருள்படும் கர்ரிகாரெ என்னும் வினை உருவானது. இதிலிருந்து தோன்றியவற்றுள் சில:

* சார்ஜ்: பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதற்பொருள் சுமை ஏற்றுதல். தமிழில் செல்பேசிக்குச் "சார்ஜ் ஏற்றுதல்" என்னும்போது அம்முதற்பொருளே மீண்டும் வெளிப்படுகின்றது.
* கார்கோ (சரக்கு): எசுப்பானியம் வழியாக வந்தது.
* கேரிகேச்சர் (கேலிச்சித்திரம்): இத்தாலியம் வழியாக வந்தது. உருவ அமைப்பை அளவுக்கு மீறி "ஏற்றிக் காட்டுவது" என்பது கருத்து.

நார்மண்டிப் பிரெஞ்சில் ககரம் திரியாமல் நின்றது. அதனாலேயே ஆங்கிலத்தில் கார் என்னும் சொல்லும், "சுமந்து செல்" எனப் பொருள்படும் கேரி என்னும் வினையும் ககரத்துடன் உள்ளன. தமிழ்நாட்டில் வழங்கும் "டிபன் கேரியர்" என்பதிலுள்ள கேரியர் இவ்வினையிலிருந்து வந்ததாகும்.

தமிழில்

ஆங்கிலத்தில் நெடுங்காலம் பலவகை வண்டிகளைக் குறித்த கார், 1890களில் இயந்திர ஊர்திக்கும் பெயரானது. அப்பொருளிலேயே அது தமிழுக்கு வந்தது. மகிழுந்து, சீருந்து, தானுந்து என்பன இதற்கு ஈடாக ஆக்கப்பட்ட தமிழ்ச் சொற்கள் ஆகும்.

கருமை, மேகம், மழைக்காலம் ஆகியவற்றைக் குறிக்கும் கார் தமிழின் சொந்தச் சொல். கார்காலம், கார்முகில் முதலியவற்றில் வருவது இதுவே. இதற்கும் வண்டியைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒலி ஒப்புமையன்றி வேறு தொடர்பு இல்லை.