குல்மர்க்: வெண்பனியும் வாழ்வும்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகவும் பெரும்பொழுதை ஆறாகவும் பகுத்து நோக்கினர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயர் பெற்றன. கூதிரும் முன்பனியும் அதற்குரிய பொழுதுகள் ஆயின. எனினும், நிலமே கண்ணுக்குத் தெரியாதவாறு மாதக்கணக்கில் வெண்பனி மூடிக் கிடக்கும் மலைக்கு நம் திணை இலக்கணம் தனியிடம் தரவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தொழிலும் உணவும் பிறவும் அவற்றைச் சார்ந்தே அமையும் என்பது முன்னோர் கோட்பாடு. அப்பனிமலைக்கும் இது பொருந்துமா? பொருந்தும் என்பதற்குக் காஷ்மீரத்துக் குல்மர்கின் வரலாறே தக்க சான்று.

பீர் பாஞ்சால் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போல் அமைந்த புல்வெளி குல்மர்க். இடையர்கள் இதனைக் கௌரிமார்க் என்று வழங்கினர் என்பர். பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் என்னும் மன்னன் 'மலர்வெளி' எனப் பொருள்படும் இன்றைய பெயரைச் சூட்டினான். ஆகவே பெயர் கோடைக்கு உரியது. விடுமுறைப் பயணச் சலுகையில் காஷ்மீரம் சென்று மீளும் நம் குடும்பங்கள் பலவும் கண்டு மகிழ்வது இக்கோடைக் கோலத்தையே.

குளிர்காலத்துக் குல்மர்க் வேறோர் உலகம். காஷ்மீர மக்கள் கடுங்குளிரை மூன்று கூறாக்கினர். டிசம்பர் 21 அளவில், அதாவது நம் மார்கழி முதல் வாரத்தில் தொடங்கும் நாற்பது நாள் 'சில்லை கலான்'. அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்'. இறுதிப் பத்து நாள் 'சில்லை பச்சா'. பெருங்குளிர், சிறுகுளிர், குழந்தைக் குளிர் என்று இவற்றை நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். இக்காலத்திற்கென்றே பிரன் என்னும் நீண்ட அங்கியும், அதனுள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கனற்சட்டியும் ஏற்பட்டன. நெல் வைக்கோலால் பின்னிய 'புல்ஹோர்' என்னும் காலணியை அணிந்தே முன்னாளில் மக்கள் பனியில் நடந்தனர். வயலின் வைக்கோல், பனியில் நடக்கக் காலணியாயிற்று. அப்பனியோ உருகி அதே வயலுக்கு நீராயிற்று.

பனிச்சறுக்கு என்னும் விளையாட்டு இங்கே பிறந்ததன்று, ஆங்கிலேயரோடு வந்தது. 1927ஆம் ஆண்டில் அவர்கள் குல்மர்கில் பனிச்சறுக்குக் கழகம் ஒன்றை நிறுவினர். கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் போட்டிகள் நடந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1948இல், தளபதி திம்மையாவின் முயற்சியால் இராணுவத்தின் பனிச்சறுக்குப் பள்ளி இங்கே தோன்றியது. உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக இன்று விளங்குவது அதுவே. 1960இல் ஆஸ்திரிய வல்லுநர் ருடால்ப் மாட், குளிர்கால விளையாட்டுக்கு ஏற்ற இடமென்று குல்மர்கைத் தேர்ந்தார். 1968இல் நடுவண் அரசு அங்கே குளிர்கால விளையாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1980களின் இறுதியில் தொடங்கிய கம்பிவட ஊர்திப் பணி, பள்ளத்தாக்கின் கலவரத்தால் இடையில் நின்று, 1998இல் கொங்டோரி வரையிலும், 2005இல் அபர்வத் மலைத்தோள் வரை ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திற்கும் நிறைவேறியது.

அயலார் கொணர்ந்த ஆட்டம் உள்ளூர்க்குரியதாக மாறியதே இவ்வரலாற்றின் சிறப்பு. தங்மர்க் சுற்றுவட்டச் சிற்றூர்களின் மக்கள் குதிரை நடத்தினர், மரச்சறுக்கு வண்டியில் பயணிகளை அமர்த்திக் கயிற்றால் இழுத்தனர், வழிகாட்டிகளாயினர். அவர்தம் மக்கள் விருந்தினர் விட்டுச் சென்ற சறுக்குக் கட்டைகளை மட்டும் நம்பியிராமல் தாமே வீரர்களாயினர். காஷ்மீரைச் சேர்ந்த குல் முஸ்தபா தேவ் 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றார். குல்மர்கில் சறுக்குக் கருவிக் கடை நடத்தியவரின் மகனான ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களம் கண்டார். பெரும்வளைவுச் சறுக்குப் போட்டியில் அவர் அடைந்தது 45ஆம் இடம்.

மலை கொடுப்பது போலவே பறிக்கவும் செய்யும். 2010 பிப்ரவரியில் கிலன்மர்க் அருகே சரிந்த பனிப்பாறை, பயிற்சியில் இருந்த 17 படைவீரர்களின் உயிரைக் குடித்தது. புதுப்பனி பழைய பனியின்மீது எவ்வாறு படிந்திருக்கிறது, காற்று எப்பக்கம் அதனைக் குவித்திருக்கிறது என்பனவற்றை அறிந்த பின்னரே சரிவில் இறங்க வேண்டும். ஏடு தரும் இவ்வறிவை முழுமையாக்குவது, ஆண்டுதோறும் அம்மலையைக் கண்டு பழகிய கண்ணே.

இன்று அக்கண்கள் கவலையுடன் வானை நோக்குகின்றன. மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுக் கலக்கங்களே இங்குப் பனியைக் கொணர்வன. அவை தவறினால் மலை வறளும். 2024 சனவரியில் வாரக்கணக்கில் குல்மர்க் பழுப்புநிறப் புல்லுடன் காட்சியளித்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மர்க் பகுதி, போதிய பனியின்மையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று.

இதனை விளையாட்டுக்கு நேர்ந்த இடையூறு என்று மட்டும் எண்ணுவது தவறு. சில்லை கலானில் விழும் பனியே இறுகி நெடுநாள் நிற்கும். மெல்ல உருகி ஊற்றுகளையும் ஓடைகளையும் ஊட்டும். காலந்தாழ்ந்து விழுவதோ விரைந்து கரைந்தோடும். சறுக்கு வண்டி இழுப்பவன் கூலி இழக்கும் ஆண்டே, கீழே நெல் வயலும் ஆப்பிள் தோட்டமும் நீருக்கு ஏங்கும் ஆண்டாகிறது. பெரும்பாலும் இவ்விரு தொழிலும் ஒரே வீட்டினுடையவை. இயந்திரத்தால் செய்த பனி ஒரு சரிவை மூடக்கூடும். ஒரு பள்ளத்தாக்கின் ஊற்றுகளை நிரப்ப அதனால் இயலாது.

ஆதலின், மலர்வெளியைக் கண்டு மகிழ்ந்த அன்பர்கள் ஒருமுறை தைத் திங்களிலும் அங்குச் சென்று வருவார்களாக. சறுக்கத் தெரியாவிடினும், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, இவ்வாண்டு பனி எப்போது விழுந்தது என்று அவரைக் கேட்பார்களாக. அவர் தரும் விடையில் அவ்வீட்டின் ஓராண்டு வரவுசெலவு முழுவதும் அடங்கியிருக்கும்.