கோடோவும் கட்டியக்காரனும்

நவீன நாடகம் என்றாலே "ஒண்ணும் புரியாதுப்பா" என்று நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பழியில் பாதியாவது அபத்த நாடகத்தின் தலையில் விழுகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கூத்து பார்த்து வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடில்லை.

சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1953 ஜனவரி 5 அன்று பாரிஸில் மேடையேறியது. ஒரு மரத்தடியில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். கோடோ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கதை அவ்வளவுதான். 1957இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் அதைப் பார்த்தார்கள். படித்தவர்களைக் குழப்பிய நாடகம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. காத்திருப்பு என்றால் என்னவென்று அவங்களுக்கு யார் பாடம் எடுக்கணும்? 'அபத்த அரங்கு' என்ற பெயரை மார்ட்டின் எஸ்லினின் புத்தகம் பரப்பியது 1961க்குப் பிறகுதான்.

தமிழில் இந்தக் காற்று சிறுபத்திரிகை வழியாக வந்தது. கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலத்திலிருந்து சி. மணியின் முயற்சியில் வெளிவந்த 'நடை' இதழில் ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' அச்சானது. 'நாற்காலிக்காரர்', 'அப்பாவும் பிள்ளையும்' தொடர்ந்தன. சபா நாடகத்தின் குடும்பச் சிக்கலோ துணுக்குச் சிரிப்போ இவற்றில் இல்லை. அபத்த நாடகம் என்ற முத்திரை விழுந்தது.

அதே முத்துசாமி பிறகு புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து மலைத்துப்போனார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் நவீன நடிகர்கள் அடவு கற்றார்கள். மேற்கை விட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்பினார் என்று இதைச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரவேற்பறை செட்டும் கோர்வையான கதையும் இல்லாமலே நாடகம் நிற்கும் என்று அபத்த நாடகம் காட்டியது. அந்தப் பழக்கம் கண்ணிலிருந்து விலகிய பிறகுதான் தெருவில் காலங்காலமாக ஆடிக்கொண்டிருந்த கூத்து நாடகமாகத் தெரிந்தது.

எங்க ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் இது வெகு இயல்பு. திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்பான். கட்டியக்காரன் அவனிடமே நீ யார், எந்த ஊர் என்று விசாரிப்பான். அடுத்த நொடி கூட்டத்தைப் பார்த்து உள்ளூர்ச் சங்கதி பேசுவான். அஸ்தினாபுரமும் அந்தத் தெருவும் ஒன்றாகிவிடும். யாரும் புரியலை என்று எழுந்து போனதில்லை.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. உளுந்தூர்பேட்டை அருகே கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். விடிந்தால் களப்பலி, தாலியறுப்பு, ஒப்பாரி. முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். அது தவறாமல் வந்தும் விடுகிறது. அழுது தீர்க்க ஊரே கூட இருக்கிறது. பெக்கெட்டின் மரத்தடியில் அந்த விடியல் கிடையாது, ஒப்பாரிக்கும் ஆளில்லை.

முத்துசாமி 2018இல் மறைந்தார். வடிவத்தைக் கூத்திடம் வாங்கிக்கொள்ளலாம், அதன் ஆறுதலை வாங்க முடியாது. அவருக்குப் பின் வந்த நவீன நாடகம் இன்னும் இந்த இடைவெளியில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.