கைத்தொலைபேசிக்குள் தமிழ் வந்த கதை



2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் 18 ஆம் திகதி அப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கான ஐ.ஓ.எஸ். 7 என்ற மென்பொருளை வெளியிட்டது. அந்தக் கிழமை முழுவதும் ஆங்கிலப் பத்திரிகைகளில் இதைப் பற்றித்தான் முறைப்பாடு. படச்சின்னங்கள் தட்டையாகிவிட்டன, எழுத்துக்கள் மெலிந்துவிட்டன, திரையைத் திறக்கும்போது படங்கள் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுவதால் தலை சுற்றுகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாவனையாளர்கள் எழுதினார்கள். இதை வெறும் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது உண்மையான தொல்லை. ஒக்ரோபர் 22 இல் வந்த 7.0.3 திருத்தத்தில் அசைவைக் குறைக்கும் வசதியை அப்பிள் விரிவாக்க வேண்டி வந்தது.

ஆனால் அதே மென்பொருளில் இன்னொரு விடயமும் இருந்தது. விசைப்பலகைப் பட்டியலில் முதன்முறையாகத் தமிழ். அதுவும் இரண்டு: ஒன்று தமிழ்99, மற்றது அஞ்சல். மற்றவர்கள் தலைசுற்றிக்கொண்டிருந்த கிழமையில் எங்கள் ஆட்கள் 'அம்மா' என்று அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு விசைப்பலகைகளும் எந்த வழியால் எங்களிடம் வந்துசேர்ந்தன என்பதுதான் இந்த மாதப் பேச்சு.

கதை ரைப்ரைற்றரில் தொடங்குகிறது. தமிழ் ரைப்ரைற்றரை ஆக்கிய ஆர். முத்தையா 1886 இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். இளவயதில் மலாயா, சிங்கப்பூர் என்று வேலை தேடிப் போனவர். ஊரை விட்டுப் போன ஒருவர்தான் தமிழை இயந்திரத்தில் ஏற்றினார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். 247 எழுத்துக்கும் விசை வைக்க முடியாது என்பதால் எழுத்துக்கள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. கொம்புக்கு ஒரு விசை, அரவுக்கு ஒரு விசை. புள்ளியையும் விசிறியையும் அடித்தால் தாள் நகராமல் அங்கேயே நிற்கும்; அடுத்த எழுத்து வந்து அதன் கீழே உட்காரும். இதற்கு நகரா விசை என்று பெயர். கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே விரல் போக வேண்டும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க.

கணினி வந்தபோது பாமினி எழுத்துருவும் ரைப்ரைற்றர் ஒழுங்கைத் தழுவியே வந்தது. எங்கள் சமூகத்தில் பாமினி தெரியாத சங்கமோ, கோவிலோ, அச்சகமோ இருக்கவில்லை. மரண அறிவித்தல், கலைவிழா மலர், தமிழ்ப் பாடசாலைப் பரீட்சைத்தாள் எல்லாம் பாமினிதான். ஆனால் அது ஒரு முகமூடி. கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் முகம் மாட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அம்மா இருக்க மாட்டா, அந்த ஐந்து குறிகள்தான் இருக்கும். எங்களில் எத்தனை பேர் மின்னஞ்சலோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் குழப்பம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் ஒன்று, மலேசியாவில் ஒன்று, சுவிஸில் ஒன்று என்று ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்தார்கள். 1997 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழிணைய மாநாட்டிலும், 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டிலும் இதை ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். சென்னை மாநாட்டின் விளைவுதான் தமிழ்99 விசைப்பலகை. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். மகரத்தை இரண்டு தரம் அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். கணக்கு வைத்துப் பார்த்தேன்: 'அம்மா' என்பதற்குத் தமிழ்99 இல் நாலு அடி, பாமினியில் ஐந்து, அஞ்சலிலும் ஐந்து. அஞ்சல் என்பது மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முறை. ஆங்கில எழுத்தை ஒலிப்படி அடித்தால் தமிழ் வரும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் யூனிகோட் இருந்தது. 1991 இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இதில் ஒழுங்கு மாறியது. முதலில் க, பிறகுதான் கொம்பு. திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுபோய் வைப்பது கருவியின் பொறுப்பு. கருவிக்கு அது தெரியாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் அநாதையாக நிற்கும். பழைய கைத்தொலைபேசிகளில் நாங்கள் கண்ட அலங்கோலம் இதுதான். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தராமல் விட்டது அநியாயம் என்று தமிழ்நாட்டில் பெரிய வாதம் நடந்து, 2010 யூனில் கோவைச் செம்மொழி மாநாட்டு வேளையில் யூனிகோடையும், எல்லா எழுத்தையும் தனித்தனியே வைக்கும் இன்னொரு குறியீட்டையும் அங்குள்ள அரசு ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தொலைபேசி செய்கிற நிறுவனங்கள் அதற்குள் யூனிகோடோடு போய்விட்டன.

இப்போது கணக்காளன் என்ற முறையில் ஒரு கணக்கு. குறுஞ்செய்தி ஒன்றுக்குள் ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும். யூனிகோட் என்றால் 70 தான். அந்த 70 உம் நாங்கள் எண்ணுகிற எழுத்தல்ல. 'யாழ்ப்பாணம்' எங்களுக்கு ஆறு எழுத்து. குறியீட்டில் அரவும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டுப் பதினொன்று. ஆறு தரம் யாழ்ப்பாணம் என்று அடித்து இடையில் வெறும் இடமும் விட்டால் ஒரு செய்தியின் காசு போய்விடும். ரூற்றிங் கடைகளில் தொலைபேசி அட்டை வாங்கி நிமிடத்தை எண்ணிக் கதைத்த சனத்துக்கு இது சின்ன விடயமல்ல. பெரும்பாலான தொலைபேசிகளில் தமிழ் தெரியவும் மாட்டாது. ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதப் பழகினோம்.

அதன் விலையை வேறு விதமாகக் கொடுத்தோம். எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தைத்தான் போடுவார்கள். குறில் நெடிலும் சரிவர வராது. ஊரிலிருந்து வருகிற செய்தியில் 'அம்மாவுக்கு வலி இல்லை' என்பதும் 'அம்மாவுக்கு வழி இல்லை' என்பதும் ஒன்றுபோலவே இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்காத காலத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் இப்படியான ஒரு வரியை வைத்துக்கொண்டு இரவிரவாக அர்த்தம் தேடிய வீடுகள் எங்கள் நேயர்கள் மத்தியிலேயே உண்டு.

மாற்று வழிகளும் வந்தன. 2005 தைப்பொங்கலுக்குச் சிங்கப்பூரில், ஒலி 96.8 வானொலியின் துணையோடு, முத்து நெடுமாறனின் செல்லினம் அறிமுகமானது. கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அடித்து அனுப்ப வழிசெய்த செயலி அது. ஒரு வானொலி நிலையம் இதில் பங்கெடுத்தது எனக்குத் தனிப்பட்ட சந்தோசம். பிறகு ஒபெரா மினி காலம். முகவரிக் கட்டத்தில் 'ஒபெரா கொன்பிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, கடைசியில் உள்ள ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று மாற்றினால் தமிழ்ப் பக்கங்கள் படமாக வந்து இறங்கும். இந்த இரகசியத்தைக் கல்யாண வீடுகளில் ஒருவருக்கொருவர் காதில் சொன்னார்கள். ஐபோனில் தமிழை வாசிக்கும் வசதி விசைப்பலகைக்கு முன்னரே வந்துவிட்டது. எழுதுவதென்றால் செல்லினத்துக்குள் எழுதி, வெட்டி, மற்ற இடத்தில் ஒட்ட வேண்டும். சமையலறையில் கறி வைத்து அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிடுவது மாதிரி.

இந்தப் பின்னணியில்தான் 2013 செப்டெம்பரைப் பார்க்க வேண்டும். சட்டன், சீம், கார்ஷோல்ற்றன் பக்கத்து வீடுகளில் அப்போது நான் கேட்டவை மூன்று விதம். இங்கே பிறந்த பிள்ளைகள் அஞ்சலை உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில விசை பழக்கமானதுதானே. தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் தமிழ்99 தான் முறையானது என்றார்கள். பாமினியில் இருபது வருடம் அடித்துக் கைபழகியவர்களுக்கோ கோபம். தங்களுடைய ஒழுங்கு எங்கே என்று கேட்டார்கள். அடுத்த வருடம் ஐ.ஓ.எஸ். 8 இல் வெளியார் செய்த விசைப்பலகைகளையும் போட்டுக்கொள்ள இடம் கிடைத்ததும்தான் அந்தக் கோபம் தணிந்தது.

வயதானவர்களில் சிலருக்கு எழுத்தின் உருவமே பிரச்சினை. தும்பிக்கை வைத்த பழைய 'லை'யும் 'னை'யும் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். பெரியார் 1935 இல் குடி அரசில் தொடங்கிய சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978 இல் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தியது. எங்கள் பக்கத்தில் பழைய உருவங்கள் பின்னரும் புழங்கின. தொலைபேசிக்குள் வந்தது புதிய உருவம். 'இது இந்தியாக்காரன்ர லை' என்று ஒரு ஐயா சொன்னார். மென்பொருள் வருவதற்கு முன்னரே எழுத்துக்கு மேம்படுத்தல் வந்தது, அதற்கும் முறைப்பாடு இருந்தது.

எழுத்தே ஆபத்தாகி நின்ற சந்தர்ப்பமும் உண்டு. 2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு வந்தால் ஐபோனின் செய்திச் செயலி விழுந்துபோனது. பெப்ரவரி 19 இல் 11.2.6 திருத்தம் வந்து தீர்த்தது. அந்த நாட்களில் தெலுங்கு எழுத்தைப் பகிடியாக அனுப்பித் திரிந்தார்கள். கோடிக்கணக்கான சனத்தின் எழுத்து கிருமி மாதிரிப் பேசப்பட்டது எனக்கு நல்லாகப் படவில்லை.

2017 ஓகஸ்ரில் கூகிளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்தது. அம்மம்மாமார் இதைத்தான் உண்மையில் வரவேற்றார்கள். கண்ணாடி தேடத் தேவையில்லை. ஆனால் 'வந்தனீங்களோ', 'கதைச்சனான்' என்றால் அது தடுமாறும். செய்தி வாசிக்கிற தமிழில் கதைத்தால் அழகாக எழுதும். பேரப்பிள்ளைக்குக் குரலில் செய்தி அனுப்ப எண்பது வயதில் வானொலித் தமிழ் பழகியவர்களை எனக்குத் தெரியும். அந்தச் செய்தி தமிழில் வந்து சேர்ந்ததும் பேரன் அதை அப்பாவிடம் கொண்டுபோய் வாசித்துத் தரச்சொல்வது வேறு கதை. சில வீடுகளில் அப்பாவும் அதை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கிறார்.

என் தொழிலுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். 2003 இல் யூனிகோடின் நான்காம் பதிப்பில் பழைய கணக்கேடுகளில் எழுதிய பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றுக்கான சுருக்கக் குறிகள் சேர்க்கப்பட்டன. 2019 மார்ச்சில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் மேலும் 51 குறிகள்: முந்திரி என்றால் 320 இல் ஒன்று, காணி என்றால் 80 இல் ஒன்று என்ற அந்தப் பின்னங்கள் அதில் உண்டு. அதே வருடம் வந்த புதிய படக்குறிகளில் உள்ளியும் வெங்காயமும் இருந்ததை எல்லோரும் கண்டார்கள். முந்திரியைத் தேடியவர் என்னைத் தவிர எத்தனை பேரோ.

கடைசியாக ஒரு அவசர விடயம். உங்கள் வீட்டு மேல்மாடியில், பழைய கணினியில், நெகிழ்தட்டுகளில் பாமினிக் கோப்புகள் கிடக்கும். சங்க அறிக்கை, ஊர்ச் சங்க மலர், யாரோ ஒருவர் தன் அகதி வழக்குக்காகத் தமிழில் எழுதி வைத்த வாக்குமூலம், செத்துப்போன அப்பாவின் நினைவுக் குறிப்பு. இன்றைய தொலைபேசியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி என்றுதான் தெரியும்; குப்பை என்று பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். அது குப்பையல்ல. பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பக்கத்துக்குச் சில நொடிதான் எடுக்கும். நெகிழ்தட்டை வாசிக்கும் கருவி இல்லாதவர்கள் அதை எறிந்துவிடாமல் நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்தபின் நான் அங்கே நிற்பேன்.