வில்லனோடு வந்து வாட்சோடு நின்ற மெட்டு

1773 அக்டோபரில் சால்ஸ்பர்க்கில் மொசார்ட் தன் 25ஆவது சிம்பொனியை எழுதி முடித்தபோது அவருக்கு வயது 17. எண் போட்டு வழங்கும் அவருடைய சிம்பொனிகளில் மைனரில் அமைந்தவை இரண்டுதான், இரண்டுமே ஜி மைனர். இது முதலாவது. எடுத்த எடுப்பிலேயே தாளத்தைத் தள்ளித் தள்ளி வாசிப்பார்கள். நம் கணக்கில் ஸ, ப, சுத்த தைவதம். அங்கிருந்து தடாலென்று கீழே காகலி நிஷாதத்தில் விழும். கீரவாணியின் சுரங்கள்தான். ஆனால் கீரவாணி உருகும், இது உறுமும்.

இருநூறு வருஷம் கச்சேரி மண்டபங்களில் இருந்த இதை, 1984இல் வந்த ‘அமேடியஸ்’ படம் ஒரு வில்லன் கையில் கொடுத்தது. மொசார்ட்டைக் கொன்றது நான்தான் என்று அலறிக் கழுத்தை அறுத்துக்கொண்ட கிழவர் சாலியேரியை, பனி பெய்யும் வியன்னாத் தெருவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னணியில் இதே இசை. படத்துக்கு 8 ஆஸ்கர். சிறந்த நடிகர் விருதும் மொசார்ட்டாக நடித்தவருக்கு இல்லை, சாலியேரியாக நடித்த எஃப். முர்ரே ஆபிரகாமுக்குத்தான். கதை என்னவோ முழுக் கற்பனை. 1830இல் புஷ்கின் எழுதிய நாடகத்திலேயே இந்தப் பழி உண்டு. நிஜ சாலியேரி பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் பாடம் சொன்னவர். மொசார்ட்டின் இளைய மகனும் அவரிடம் படித்திருக்கிறான். கொலைகாரனிடம் யாராவது பிள்ளையை அனுப்புவார்களா?

அதே 1984இல்தான் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் வாட்சஸைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில். நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில், நாட்டின் மணிக்கட்டுகளை ஆண்டுகொண்டிருந்த எச்.எம்.டி. அதன் எதிரில் குவார்ட்ஸை நம்பிக் கடை விரித்த புதுக் கம்பெனிக்கு விளம்பரம் செய்தது ஓகில்வி. நிர்மா மாதிரி பாட்டுப் பாடி விற்ற காலம் அது. இவர்களோ 1987இல் அந்தச் சிம்பொனியின் முதல் பகுதியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வார்த்தை போடாமல் வாட்சுக்குப் பின்னால் ஓடவிட்டார்கள். என் கணக்கில் இந்திய விளம்பர இசையில் இதைவிடத் துணிச்சலான தேர்வு இல்லை.

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் டார்த் வேடர் வரும்போது முழங்குகிறதே, 1980இல் ஜான் வில்லியம்ஸ் போட்ட அணிவகுப்பு, அதுவும் ஜி மைனர்தான். ஆகவே மைனர் என்றால் வில்லன் என்று இசையமைப்பாளர்கள் பழக்கிவைத்திருப்பது உண்மை. ஓசூர் அந்தப் பழக்கத்தை உடைத்தது. அதே சிம்பொனியின் துண்டு, கல்யாணப் பரிசுக்கும் பிறந்தநாளுக்கும் உரிய இசையாகிவிட்டது.

சந்தேகமிருந்தால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது அந்த மெட்டை முனகிக் காட்டுங்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, வாட்சின் பெயரைத்தான் சொல்வார்கள். சாலியேரியை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.