கண்ணாடிக்குள் பெய்த பனி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடி உருண்டை. அதனுள் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு சிறிய மாதா கோயில். உருண்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால், கோயிலின் கூரை மீதும் கோபுரத்தின் மீதும் வெண்துகள்கள் மெல்ல மெல்ல இறங்குகின்றன. ஐரோப்பாவின் குளிர்காலமே கைக்குள் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் 'ஸ்நோ குளோப்' என்றும், ஜெர்மன் மொழியில் 'ஷ்னேகூகல்' என்றும் வழங்கும் இப்பொருளைத் தமிழில் 'பனிக்கோளம்' எனலாம்.

குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்தானே என்று இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு புதிய கருத்து மனிதனின் மனத்தில் எவ்வாறு உதிக்கிறது என்னும் பெரிய கேள்விக்கு இச்சிறு உருண்டையின் வரலாறு ஒரு விடை தருகிறது. ஏனெனில், இதனைப் புகழ்பெறச் செய்த மனிதர் தேடியது பனியை அன்று. அறுவை மருத்துவர் ஒருவருக்கு வேண்டியிருந்த வெளிச்சத்தை!

பாரிஸ் பொருட்காட்சியில்

1878-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே பிரெஞ்சுக் கண்ணாடித் தொழிலகம் ஒன்று, தாள்கள் பறக்காமல் இருக்க மேசை மீது வைக்கும் எடைகளைக் காட்சிக்கு வைத்திருந்தது. உள்ளீடற்ற கண்ணாடி உருண்டைகள் அவை. உள்ளே தண்ணீரும், குடை பிடித்த ஒரு மனித உருவமும், கொஞ்சம் வெண்பொடியும் இருந்தன. கவிழ்த்தால் பனிப்புயல் அடிப்பது போல் பொடி விழும். பொருட்காட்சியைப் பார்வையிட்ட அமெரிக்க அரசின் குழுவினர் தம் அறிக்கையில் இதனைக் குறித்துள்ளனர். ஈஃபல் கோபுரம் எழுந்த 1889-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியின்போது, அக்கோபுரத்தின் சிற்றுருவை உள்ளடக்கிய பனிக்கோளங்களும் வந்துவிட்டன.

எனவே, உலகின் முதல் பனிக்கோளத்தைச் செய்தவர் எர்வின் பெர்ட்சி என்று பல நூல்களில் காணப்படும் கூற்று சரியன்று. ஆயினும், பெர்ட்சி வேறொரு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் தொடங்கிய பட்டறையே இதனை ஒரு நிலையான கைத்தொழிலாக்கியது. அவர் வந்த வழிதான் நமக்கு முக்கியம்.

வியன்னாவில் ஒரு கருவிக் கலைஞர்

எர்வின் பெர்ட்சி ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் அறுவை மருத்துவக் கருவிகள் செய்து வந்தார். 1900-ஆம் ஆண்டளவில், அறுவை அரங்கில் உள்ள மின்விளக்கின் வெளிச்சம் போதவில்லை, அதைப் பெருக்க வழி உண்டா என்று மருத்துவர் ஒருவர் அவரைக் கேட்டாராம். பெர்ட்சி குடும்பத்தார் தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி இது.

அக்காலத்து மின்விளக்குகள் எடிசன் வகையைச் சேர்ந்த கரி இழை விளக்குகள். அவற்றின் ஒளி மங்கலானது. மஞ்சள் நிறம் தோய்ந்தது. அறுவை மருத்துவருக்கோ ஓர் இரத்தக் குழாயை அடுத்த குழாயிலிருந்து பிரித்தறியும் அளவு வெளிச்சம் வேண்டும். போதிய ஒளி இல்லையேல் நோயாளியின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பெர்ட்சிக்குச் செருப்புத் தைப்பவர்களின் பழைய உத்தி ஒன்று நினைவுக்கு வந்தது. ஐரோப்பியச் செருப்புத் தொழிலாளர்கள் இரவில் வேலை செய்யும்போது, தண்ணீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவையை மெழுகுவத்தியின் முன் தொங்கவிடுவார்கள். குடுவை குவிலென்சு போல் செயற்பட்டு, சுடரின் ஒளியைத் தையல் விழும் இடத்தில் குவிக்கும்.

இதன் கணக்கு மிக எளிது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. இந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால், தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் தண்ணீர்க் கோளத்தின் மையத்திலிருந்து ஏறத்தாழ அதன் விட்டத்தின் அளவு தொலைவில் குவியும். 10 செ.மீ. விட்டமுள்ள கோளமாயின், அதன் மறுபக்கத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒளிப்புள்ளி விழும்.

ஆனால், ஒரு சிறு புள்ளியில் வெளிச்சம் விழுந்தால் செருப்புத் தைக்கலாம். அறுவை செய்ய இயலாது. அகன்ற பரப்பு முழுவதும் வெளிச்சம் வேண்டும். ஆகவே பெர்ட்சி தண்ணீருக்குள் மின்னும் கண்ணாடிச் சிதர்களைப் போட்டுப் பார்த்தார். அவை ஒளியைப் பிரதிபலித்துப் பெருக்கும் என்பது அவர் எண்ணம்.

ஏன் தோற்றது?

சிதர்கள் விரைந்து அடியில் போய்த் தங்கிவிட்டன. ஆனால், அவை மிதந்துகொண்டே இருந்திருந்தாலும் பயன் இராது. இயற்பியல் இதற்கு இரண்டு காரணங்கள் கூறும்.

முதலாவது: காற்றிலிருந்து கண்ணாடி மீது செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு அதன் முகப்பிலேயே திரும்பி வருகிறது. தண்ணீருக்குள் கண்ணாடியை வைத்தாலோ இந்த அளவு 0.4 விழுக்காட்டிற்கும் குறைந்துவிடுகிறது. தண்ணீர், கண்ணாடி இவற்றின் ஒளிவிலகல் எண்கள் நெருங்கியிருப்பதே காரணம். காற்றில் பளபளக்கும் கண்ணாடித் துண்டு தண்ணீரில் விழுந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது: எந்தத் துகளும் ஒளியை உண்டாக்குவதில்லை, வந்த ஒளியைத் திசை மாற்றி விடுகிறது, அவ்வளவே. விளக்கிலிருந்து வரும் மொத்த ஒளியைக் கூட்டத் துகளால் ஆகாது. நோயாளியின் மீது விழவேண்டிய ஒளியை அது நாலா பக்கமும் சிதறடித்துவிடும்.

கண்ணாடிச் சிதர்களுக்குப் பின் பெர்ட்சி வேறு பொருள்களையும் சோதித்தார். அவற்றுள் ஒன்று ரவை. நாம் உப்புமா கிண்டும் ரவையேதான்; அந்நாட்டில் அதைக் குழந்தைகளுக்குக் கூழாகக் காய்ச்சிக் கொடுப்பார்கள். ரவை தண்ணீரில் ஊறி, வெள்ளை வெளேரென்று, மிக நிதானமாக இறங்கியது. விளக்கின் ஒளி கொஞ்சமும் கூடவில்லை. ஆனால் அந்தக் காட்சி, ஜன்னலுக்கு வெளியே பனி பெய்வதைப் போலவே இருந்தது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரவை ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் விளக்குக்கு அது உதவவில்லை. அதே சிதறலினால்தான் அது வெண்மையாகத் தோன்றியது. உண்மையான பனியின் வெண்மைக்கும் இதுவே காரணம். பனிக்கட்டி நிறமற்றது, அதன் எண்ணற்ற சிறு முகப்புகள் எல்லா நிறங்களையும் ஒருங்கே சிதறடிப்பதால் பனி வெள்ளையாகத் தெரிகிறது. விளக்காகத் தோற்ற அதே காரணத்தால் அந்த உருண்டை பனியாக வென்றது.

மேசை மீது இருந்த கோயில்

அவ்வேளையில் பெர்ட்சியின் கையில் இன்னொரு வேலையும் இருந்தது. ஆஸ்திரியாவில் மரியாசெல் என்னும் ஊரில் புகழ்பெற்ற மாதா கோயில் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் யாத்திரிகர்கள் திரளாகச் செல்வார்கள். அங்கே நினைவுப் பொருள்கள் விற்ற நண்பர் ஒருவருக்காக, அக்கோயிலின் சிற்றுருவை வெள்ளீயக் கலவையில் பெர்ட்சி செய்திருந்தார். அந்தச் சிற்றுருவை உருண்டைக்குள் வைத்தார். பனிக்கோளம் பிறந்தது. அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

செருப்புக்காரரின் குடுவை, சமையலறையின் ரவை, கோயிலின் சிற்றுருவம் ஆகிய மூன்றில் ஒன்றுகூடப் புதியதன்று. மூன்றும் ஒரே மேசைக்கு வந்ததும், தான் தேடாத ஒன்றைக் கண்டபோது 'இது என்ன?' என்று நின்று பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்ததுமே புதியவை. விளக்கு ஆகவில்லை என்று குடுவையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

மருத்துவரின் குறையும் நெடுநாள் நீடிக்கவில்லை. அதே வியன்னாவில் ஆய்வு செய்துவந்த அலெக்சாண்டர் யூஸ்ட், ஃபிரான்யோ ஹனமான் என்னும் இருவர் 1904-இல் டங்ஸ்டன் இழை விளக்குக்கு ஹங்கேரியில் காப்புரிமை பெற்றனர். கரி இழையை விட வெண்மையும் பிரகாசமும் கொண்ட ஒளி அதிலிருந்து கிடைத்தது. கேள்விக்கு உரிய விடை குடுவையில் இல்லை, இழையில் இருந்தது என்பது அப்போது தெளிவாயிற்று.

பனி மெதுவாக விழுவது ஏன்?

1851-இல் அயர்லாந்தில் பிறந்த அறிவியலறிஞர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், நீர்மத்தில் விழும் சிறு கோளத்தின் வேகத்துக்கு ஒரு விதி தந்தார். விழத் தொடங்கிய சிறிது நேரத்தில் துகளின் எடை ஒருபுறமும், மிதப்பு விசையும் பாகியல் தடையும் மறுபுறமுமாகச் சமன்படுகின்றன. அதன்பின் துகள் மாறாத வேகத்தில் இறங்கும். இதற்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். அது மூன்றைப் பொறுத்தது: துகளின் அடர்த்திக்கும் நீர்மத்தின் அடர்த்திக்கும் உள்ள வேறுபாடு, துகளின் ஆரத்தின் இருமடி, நீர்மத்தின் பாகுநிலை. முதல் இரண்டும் கூடினால் வேகம் கூடும். பாகுநிலை கூடினால் வேகம் குறையும்.

கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப் போல் 2.5 மடங்கு, வேறுபாடு 1.5. ஊறிய ஒரு துகளின் அடர்த்தி 1.1 என்று வைத்துக்கொண்டால், வேறுபாடு வெறும் 0.1. இரண்டும் ஒரே அளவுள்ள மிக நுண்ணிய துகள்களாயின், இரண்டாவது துகள் 15-இல் ஒரு பங்கு வேகத்திலேயே இறங்கும். கண்ணாடிச் சிதர்கள் தடாலென்று விழுந்ததற்கும், ரவை தயங்கித் தயங்கி இறங்கியதற்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியுள்ளது.

உருவம் பெரிதாகத் தெரிவதும் தண்ணீரின் வேலையே. கோளத்தின் மையத்தில் உள்ள பொருள் தன் இடத்திலேயே, ஆனால் 1.33 மடங்கு பெரிதாகத் தெரியும். 3 செ.மீ. உயரக் கோபுரம் 4 செ.மீ. உயரமாகக் காட்சியளிக்கும்.

மூன்று தலைமுறைக் கைத்தொழில்

1905-இல் பெர்ட்சி தம் சகோதரர் லுட்விக்குடன் சேர்ந்து பனிக்கோளப் பட்டறையைத் தொடங்கினார். 1908-இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் அவருக்குச் சிறப்புச் செய்தார். தொடக்கத்தில் கோயில்களே உள்ளே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மகனான இரண்டாம் எர்வின் பெர்ட்சி கிறிஸ்துமஸ் மரம், கிறிஸ்துமஸ் தாத்தா, பனிமனிதன் ஆகிய உருவங்களை அறிமுகப்படுத்தினார். பேரன் மூன்றாம் எர்வின் காலத்தில் பட்டறை மேலும் புகழ் பெற்றது. வியன்னாவின் ஹெர்னால்ஸ் பகுதியில் பட்டறையை ஒட்டி ஒரு சிறு அருங்காட்சியகமும் உள்ளது.

இதற்கிடையே அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து ஜோசப் கராஜா என்பவர் 1927-இல் விண்ணப்பித்து 1929-இல் ஒரு காப்புரிமை பெற்றார். தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தே கோளத்தை நிரப்பி மூடும் முறை அது. காற்றுக் குமிழி புகாது; வேலையும் விரைவாக முடியும். விலை குறைந்து, பனிக்கோளம் எளியோர் வீட்டுக்கும் வந்தது. 1941-இல் வெளிவந்த ஆர்சன் வெல்சின் 'சிட்டிசன் கேன்' திரைப்படத்தின் தொடக்கத்தில் இறக்கும் மனிதனின் கையிலிருந்து உருண்டு உடையும் பனிக்கோளத்தை உலகமே பார்த்தது.

பெருந்தொழிற்சாலைகளின் மலிவான சரக்குக்கு நடுவே ஒரு கைத்தொழில் எவ்வாறு நிலைக்கிறது? பெர்ட்சி பட்டறையில் உருவங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டுகிறார்கள். ரவை தண்ணீரில் ஊறிப் புளித்துவிடும். ஆகவே நெடுங்காலம் கெடாத பனி தேவைப்பட்டது. அதன் செய்முறை இன்றளவும் குடும்ப இரகசியம். புதிய உருவங்களுக்கான கருத்துகளையோ அவர்கள் காலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஐரோப்பியக் கடைகளில் கழிப்பறைக் காகிதத்துக்கு மக்கள் முண்டியடித்தனர். மூன்றாம் எர்வின், அந்தக் காகிதச் சுருள் ஒன்றையே கோளத்துக்குள் வைத்துப் பனி பெய்ய வைத்தார்! 120 ஆண்டுகளுக்கு முன் பாட்டனார் மேசை மீதிருந்த கோயிலைப் பார்த்தார். பேரன் கடைத்தெருவைப் பார்த்தார்.

நீங்களும் செய்து பாருங்கள்

இறுக மூடும் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறத்தில் நீரில் கரையாத பசையால் ஒரு சிறு பொம்மையை ஒட்டுங்கள். பசை நன்றாகக் காயட்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, நன்கு கழுவி நுணுக்கிய முட்டையோட்டை அரைத் தேக்கரண்டி இட்டு மூடிக் கவிழ்த்து வையுங்கள். பனி விழும் நேரத்தைக் கடிகாரத்தில் குறியுங்கள்.

அடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினைத் தண்ணீருடன் எடையில் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பிப் பாருங்கள். அறை வெப்பநிலையில் இக்கலவையின் பாகுநிலை தண்ணீரைப் போல் சுமார் 6 மடங்கு. அடர்த்தியும் 1.1-க்குச் சற்று மேலே ஏறிவிடும். ஆகவே முட்டையோடு மிகவும் நிதானமாக இறங்கும். அதைவிட அடர்த்தி குறைந்த துகளாயின் கீழே இறங்காது, மேலே மிதந்துவிடும். முட்டையோட்டை இன்னும் நுணுக்கினால் என்ன ஆகும்? முன்பே ஊகித்து எழுதி வைத்துக்கொண்டு பின்னர் சோதியுங்கள்.

உள்ளே என்ன உருவம் வைப்பது என்பதை மட்டும் எவரிடமும் கேட்க வேண்டாம். உங்கள் மேசை மீது இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். சோதனை எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால், புட்டியைக் கழுவி வைக்கும் முன் இன்னும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.