முத்துச் சலாபமும் அரசுரிமையும்

கடல்படு செல்வங்களுள் முத்தே தலையாயது என்பது நம் முன்னோர் துணிபு. ஆயின் அம்முத்தை ஈனும் சிப்பி யாருக்கு உரியது? கடலுக்கு வேலியில்லை, சிப்பியை விதைத்தவருமில்லை. அங்ஙனமிருந்தும், மன்னார்க் குடாக்கடலை ஆண்ட எவ்வரசும் அதனைப் பொதுவென்று விட்டுவைத்ததில்லை. அவ்வரசுகள் விதித்த கட்டுப்பாடுகள் எவை, அவற்றுள் நன்மை பயந்தது எது என்பதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தனம்.

பாண்டியர் காலத்தில் கொற்கையே முத்துக்குப் பேர்பெற்ற துறை. கி.பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்துக்குளித்தனர் என்று கூறுகின்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவோ, வணிகர் பத்தில் ஒரு பங்கை அரசனுக்கும், சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கையும் இறுத்தனர் என்று எழுதிவைத்தார்.

போர்த்துக்கேயர்க்குப் பின், 1658-இல் தூத்துக்குடியைக் கைக்கொண்ட ஒல்லாந்தர் கல்லைக் கணக்காகக் கொண்டு வரி விதித்தனர். குளியாள் கடலடியை விரைவில் எய்தும்பொருட்டுப் பற்றியிறங்கும் கல்லே அது. குளிப்போரின் சமயத்திற்கேற்ப அவ்வரி கூடியும் குறைந்தும் நின்றது. மதுரை நாயக்கர்க்கும், சேதுபதிக்கும், நம் சாதித்தலைவர்க்கும் வரியில்லாக் கற்கள் விடப்பட்டன.

ஆங்கிலேயர் காலத்து முறை வேறு. சிப்பிகள் பற்றி வளரும் கடலடிப் பாறையைப் 'பார்' என்கின்றோம். சிப்பி நான்கைந்து வயது எய்தும்போதுதான் முத்து முதிரும்; பின் ஓரிரண்டு வருஷங்களிற் சிப்பி தானே மடிந்துபோகும். முந்தி எடுப்பின் முத்தில்லை. பிந்தி எடுப்பின் சிப்பியில்லை. ஆதலின் சர்க்கார் அதிகாரிகள் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தை விலைமதித்து, ஆதாயமுண்டெனக் கண்ட பின்னரே சலாபம் கூட்டினர். கரைசேர்ந்த சிப்பிகள் மூன்று கூறாக்கப்பட்டன. இரண்டு சர்க்காருக்கு; ஒன்று குளியாட்களுக்கும் தோணியாருக்கும். சர்க்கார் கூறு ஆயிரத்திற்கு இவ்வளவென்று மாலையில் ஏலம் போயிற்று. மூன்றில் இரண்டு என்பது பெரும்பங்கே என்பதில் ஐயமில்லை. எனினும் குளியாள் தன் பங்கைத் தன் கண்முன்னே கண்டான். சிப்பி விளையாத ஆண்டிற் சர்க்காரும் வருமானமின்றி நின்றது. இந்நியாயத்தைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

அந்நியாயம் பிறழ்ந்த வரலாறு ஒன்றுண்டு. இலங்கைக் கரையில் 1891-க்குப் பின் பல்லாண்டுகள் சலாபமே கூடவில்லை. 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனும், அவர்க்குத் துணையாக ஜேம்ஸ் ஹார்னெலும் வந்து ஆராய்ந்தனர். அலைப்புக்குள்ளாகும் பார்களிலிருந்து இளஞ்சிப்பிகளை வாரி, நல்ல இடங்களிற் பெயர்த்திட்டு, நாற்றுப்போல் வளர்க்கலாம் என்றனர். 1903 முதல் சலாபங்கள் மீண்டும் கூடின. 1905-இல் மரிச்சுக்கட்டியில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. சர்க்காருக்கு 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. அடுத்த ஆண்டே அப்பார்கள் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு விடப்பட்டன. விளைந்தது யாது? 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. கம்பெனி குத்தகைக்காலம் முடியுமுன்னரே கலைந்தொழிந்தது. மறு சலாபம் 1925-இல்தான் கூடியது. குத்தகைப்பணம் ஆண்டுதோறும் தவணை தவறாது கேட்கப்படுவது. சிப்பியோ நீரோட்டத்திற்கும் மணலுக்கும் பகைமீனுக்கும் தப்பிப் பிழைத்தாலன்றி வாராதது. இவ்விரண்டனையும் ஒரே கணக்கிற் கட்டியதே பிழை.

நம் கரையில் 1908, 1914, 1926 முதல் 1928 வரை, பின்னர் 1955 முதல் 1961 வரை சலாபங்கள் கூடின. அதன்பின் அத்தகைய பெருஞ்சலாபம் கூடியதேயில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தினை உண்டாக்கினர். 1981-இற் பொரிப்பகத்திலேயே சிப்பிக்குஞ்சுகளையும் தோற்றுவித்தனர். ஆகவே கடலிற் சிப்பியைப் பயிரிடுதல் இன்று கனவன்று. 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, சிப்பி வளர்ப்பும் அதன் வரம்பினுட் கொணரப்பட்டது.

சட்டம் வேண்டுவதே, காவலில்லாப் பயிர் கரைசேராது. ஆனால் யாம் கேட்பது ஒன்று: கடலின் ஒரு பகுதியை ஒருவர் பண்ணையாக வரைந்துகொள்ளும்போது, அந்நீரில் வலைவீசி வாழ்ந்தவன் எங்கே போவான்? நம் பாட்டன்மாரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் சகோதரரும் மூச்சடக்கி இறங்கிய காலத்திற் சர்க்கார் பெரும்பங்கைக் கொண்டதேனும், குளியாளின் மூன்றிலொன்றை மறுக்கவில்லை. பண்ணைக்கு உரிமம் வழங்குங்கால் அக்கரையின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலிடம் தருவதே அப்பழைய நியாயத்திற்கு ஒத்ததாகும்.

நம்மவரும் வாளாவிருத்தல் தகாது. சிப்பி வளர்க்கும் கலையை நம் இளைஞர் கற்றல் வேண்டும். சட்டத்தின் விதிகளை நம் சங்கத்தார் படித்து ஊர்தோறும் எடுத்துரைத்தல் வேண்டும். உரிமையை அறியாதவனுக்குப் பங்கு வைப்பார் இலர். கல்லும் கயிறும் பிடித்தவர் வழிவந்த நாம், இனி ஏடும் பிடிப்போமாக.